மானிப்பாயில் எழுதப்படாத அத்தியாயம்

உடுவிலில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கலத்தின் சக்திப் பாடம் வரும்போது பக்கத்து மானிப்பாயிலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதே மிஷனுக்கு 1847இல் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறுவருடம் மானிப்பாயில் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். எவ்வளவு பெரிய துணிவு! 1873இல் மசாசூசெற்ஸ் திரும்பிய பிறகும் வைத்திய நூல்களைத் தமிழாக்கும் வேலையை அவர் விடவில்லை. டால்ரனின் உடற்றொழிலியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்று 1883இல் தமிழில் வந்தது. அடுத்த வருடம் கிறீன் காலமானார்.

உடல் கலங்களால் ஆனது என்று விஞ்ஞானி சுவான் 1839இலேயே சொல்லிவிட்டார். ஆனால் சாப்பாட்டின் சக்தி தசைக்கு எந்த உருவில் போய்ச் சேருகிறது என்பது கிறீன் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதே மசாசூசெற்ஸில், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பராவும் சைரஸ் பிஸ்கும் 1929இல் அந்த உருவை, ஏ.ரி.பி. என்ற மூலக்கூறை, தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஜேர்மனியில் லோமனும் அவ்வருடமே அதைக் கண்டார்.

ஏ.ரி.பி. தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மீன் சந்தையிலேயே பார்க்கலாம். விடியப் பிடித்த மீனைத் தலையில் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காது, கட்டை மாதிரி நிற்கும். தசைப் புரதமான மயோசின், தான் பற்றிய அக்ரின் என்ற புரத இழையை விடுவதற்கு ஏ.ரி.பி. வேண்டும். செத்த தசையில் அது தீர்ந்துவிடுகிறது, பிடி விடுபடுவதில்லை.

அக்ரின் தசைக்கு மட்டும் உரியதல்ல. நம் கலங்களின் வன்கூட்டிலும் அதுதான். ஏ.ரி.பி. சுமந்த அக்ரின் மூலக்கூறுகள் இழையின் ஒரு முனையில் வந்து சேரும், அதைச் செலவழித்தவை மறுமுனையில் கழரும். இந்த ஓயாத கட்டலும் கழற்றலும்தான் கலத்துக்கு வடிவமும் நகர்வும் கொடுக்கிறது. சக்தி வரத்து குறைந்தால் இந்த வேலை தளரும். கலத்தின் பருமனும் தப்பாது: ஏ.ரி.பி. குறைந்து, அது சிதைந்து வரும் ஏ.எம்.பி. கூடினால் அதை உணரும் நொதியம் ஒன்று புரத ஆக்கத்தை அடக்கிவிடும். புரதம் சேராத கலம் பருக்காது.

எங்கள் பிள்ளைகள் இதையெல்லாம் தமிழில்தான் படிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ஏ.ரி.பி. வரும் பக்கத்தில் சுப்பராவின் பெயரும், முன்னுரையில் கிறீனின் பெயரும் அச்சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.