நுளம்பிலிருந்து பனடோல் வரை: என். வி. சந்திரசேகரனின் ஆய்வுப் பாதை

கொட்டாஞ்சேனையில் 2020 ஒக்டோபரை மறந்தவர்கள் இருக்க முடியாது. பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா பரவுகிறது என்ற செய்தி வந்த சில நாட்களுக்குள் கொட்டாஞ்சேனை, மோதரை, மட்டக்குளி என்று வட கொழும்பு தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள். சனம் வரிசையில் நின்று மூக்கைக் காட்டியது. அதுவரை அதிகம் பேர் கேள்விப்பட்டிராத பி.சி.ஆர். என்ற பெயர் ஒரே கிழமையில் வீட்டுப் பேச்சாகிவிட்டது.

அந்த வருடம்தான் விமானத்தில் வந்திறங்கிய தொழில்நுட்பம் அது என்றே எங்கள் அயலில் பலர் நினைத்தார்கள். ஆனால் பி.சி.ஆர். முறையால் நோய்க்கிருமி தேடிய கொழும்பு ஆய்வொன்று 1996இலேயே அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்திருக்கிறது. தேடப்பட்டது வைரஸ் அல்ல, யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு. கட்டுரையில் மூன்று பெயர்கள்: கே. சிரிதேவ, ஈ. எச். கருணாநாயக்க, என். வி. சந்திரசேகரன். கடைசிப் பெயருக்கு உரியவரான கொழும்புப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறைப் பேராசிரியரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஆறு வருடம் கழித்து உலகமே பேசிய இன்னொரு கட்டுரையில் முதற்பெயராக இருந்தவரும் அவர்தான். அது நமது வீடுகளில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கும் பனடோலைப் பற்றியது.

முதலில் புழுவின் கதை. இலங்கையில் யானைக்கால் நோய் எட்டு மாவட்டங்களில் இருந்தது: கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம். வடக்குக் கிழக்கிலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு இது பழக்கமில்லாத நோய். என் பெரியம்மா கொழும்புக்கு வந்த புதிதில், இரவு பத்து மணிக்குப் பிறகு கதவைத் தட்டி விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்க வந்தவர்களைக் கண்டு பயந்துபோனதாகச் சொல்லுவார். அந்த நேரத்தில் வந்ததற்குக் காரணம் இருந்தது. புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நாளங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். நடுநிசியை ஒட்டித்தான் தோலோர இரத்தத்துக்கு வரும். அதைக் காவும் கியூலெக்ஸ் நுளம்பு கடிக்கிற நேரமும் அதுவே. இந்த நுளம்புக்குத் தெளிந்த தண்ணீர் தேவையில்லை. வெள்ளவத்தைக் கால்வாயும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளின் அடைபட்ட வடிகான்களும் அதற்குத் தாராளம்.

1947இல் தொடங்கிய யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தது இந்த இரவு இரத்தத்தையும் நுணுக்குக்காட்டியையும்தான். மலிவான, நல்ல முறை அது. ஆனால் இரத்தத்தில் குஞ்சுகள் மிகக் குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். விதைப்பை வீங்கி ஓதத்தோடு வருகிற ஆணின் இரத்தத்தில் பெரும்பாலும் எதுவுமே தென்படாது. நுளம்புக்குள் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு நுளம்பையும் ஊசிமுனையால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மரபியல் உதவிக்கு வந்தது. கின்சி வீதியிலுள்ள மருத்துவ பீடத்தில் பேராசிரியர் எரிக் கருணாநாயக்க, சுவீடனின் ஆய்வு உதவி நிறுவனமான சாரெக்கின் பணத்தோடு ஒரு மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தைக் கட்டியெழுப்பினார். அவரே நீரிழிவு ஆய்வில் தொடங்கியவர். எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கும் இரசாயனம் பற்றி லண்டனில் ஆராய்ந்து, திரும்பி வந்து நம்மூர் மூலிகைகளின் சீனி குறைக்கும் தன்மையைச் சோதித்து, பிறகு டி.என்.ஏ.க்கு வந்தார். பின்னாளில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகத்தை நிறுவியவரும் அவரே.

அந்த ஆய்வுகூடம் யானைக்கால் புழுவின் டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டைத் தேடியது. பல உயிரினங்களின் டி.என்.ஏ.யில் அவற்றுக்கே உரிய சில துண்டுகள் நூற்றுக்கணக்கான பிரதிகளாகக் கிடக்கும். மனிதரிலோ நுளம்பிலோ மாட்டின் புழுவிலோ இல்லாத ஒரு துண்டு யானைக்கால் புழுவில் அப்படிக் கிடைத்தால், அதுவே அதன் அடையாள அட்டை. பிரதிகள் நிறைய இருப்பதால் ஒரேயொரு குஞ்சு இருந்தாலும் பிடித்துவிடலாம். உப்சாலா ஆய்வாளர்களோடு சேர்ந்து அப்படியொரு துண்டைப் பிரித்தெடுத்த செய்தி 1994இல் வெளியானது. அந்தத் துண்டை பி.சி.ஆர். முறையால் கோடிக்கணக்கில் பெருக்கிக் கண்டறியும் வழியே 1996 கட்டுரை. மனித இரத்தம், ஓத நீர், நுளம்பு ஆகிய மூன்றிலும் அதைச் செய்து பார்த்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. நுளம்பைச் சோதித்தால் எவர் வீட்டுக் கதவையும் இரவில் தட்ட வேண்டியதில்லை. நுளம்புகளைக் கூட்டமாக ஒரே குழாயில் அரைத்துப் பார்க்கலாம். அவற்றில் புழுவின் டி.என்.ஏ. இருந்தால், அந்த ஒழுங்கையில் யாரோ ஒருவரின் இரத்தத்தில் அது இருக்கிறது என்று பொருள்.

இனிப் பனடோல். சந்திரசேகரன் இதன்பின் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில், டானியல் சிமன்ஸின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். உடலில் காய்ச்சலையும் வலியையும் உண்டாக்கும் இரசாயனங்களைத் தயாரிக்கும் கொக்ஸ் நொதியின் இரண்டாவது வகையை 1991இல் கண்டவர்களுள் சிமன்ஸ் ஒருவர். அந்தக் கண்டுபிடிப்பின் பங்குக்காக அவரது பல்கலைக்கழகம் பைசர் நிறுவனத்தோடு வழக்காடி, 2012இல் 450 மில்லியன் டொலருக்கு இணக்கம் கண்டது. எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு இப்படியொரு வழக்குப் போடும் யோகமாவது வாய்க்காதா என்று நினைத்துக்கொள்வேன்.

அஸ்பிரின் இந்த நொதியைத் தடுக்கிறது என்று 1971இல் ஜோன் வேன் காட்டினார். பெரசிட்டமோல் மட்டும் சிக்கலாகவே இருந்தது. அது காய்ச்சலை இறக்கும், வலியைக் குறைக்கும், ஆனால் வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது. பிளேட்லெட்டுகளின் வேலையையும் அஸ்பிரின் போலக் கெடுக்காது. டெங்கு என்று சந்தேகம் வந்தவுடன் வைத்தியர்கள் அஸ்பிரினும் இபுபுரோபெனும் வேண்டாம், பனடோல் மட்டும் போடு என்பது இதனால்தான். 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானபோது இந்த வேறுபாடு எத்தனை உயிர்களுக்குப் பொறுப்பாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மூளையிலுள்ள நொதி மண்ணீரலிலுள்ள நொதியைவிட பெரசிட்டமோலுக்கு எளிதில் மசிகிறது என்று 1972இல் வேனும் பிளவரும் எழுதினார்கள். அப்படியானால் மூளையில் தனியாக ஒரு வகை இருக்க வேண்டுமே?

2002இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் அதற்கொரு விடை வந்தது. நாயின் மூளையிலிருந்து சந்திரசேகரனும் கூட்டாளிகளும் ஒரு நொதியைப் பிரித்து, கொக்ஸ்-3 என்று பெயரிட்டார்கள். அது புதிய மரபணுவிலிருந்து வரவில்லை. பழைய கொக்ஸ்-1 மரபணுவின் செய்தியிலிருந்து வழக்கமாக வெட்டி எறியப்படும் ஒரு துண்டு வெட்டப்படாமல் தங்கிவிட்டதால் உண்டானது. பெரசிட்டமோல் அதை மற்ற இரண்டையும்விட அதிகமாகத் தடுத்தது. முப்பது வருடப் புதிர் அவிழ்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

புதிர் அவ்வளவு இலகுவில் விடவில்லை. மரபணுச் செய்தி மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவது. ‘மரம் படம் கடல்’ என்று மூவெழுத்துச் சொற்களாக ஒரு வரியை நினையுங்கள். நடுவே ‘வயல்’ என்று மூன்றெழுத்து நுழைந்தால் ஒரு சொல் கூடுமே தவிர மற்றவை குலையா. முன்னால் ‘ச’ என்று ஒற்றை எழுத்து நுழைந்தால் ‘சமர ம்பட ம்கட ல்’ என்று எல்லாமே பாழ். நாயில் அந்தத் துண்டு 90 எழுத்து. மூன்றால் சரியாகப் பிரிபடும். மனிதரில் 94, எலியில் 98. ஆகவே மனிதரில் அதே வழியால் வேலை செய்யும் கொக்ஸ் நொதி உண்டாவது கடினம் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் சுட்டின. இன்று மனிதரில் பெரசிட்டமோல் வேலை செய்யும் விதத்துக்கு கொக்ஸ்-3ஐக் காரணமாகச் சொல்பவர்கள் குறைவு. அந்த விதம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இதைத் தோல்வி என்று சொல்ல நான் தயாரில்லை. நாயில் அவர்கள் கண்டது உண்மை. அதை மனிதரில் சோதிக்க உலகம் முழுவதும் ஆய்வுகூடங்கள் இறங்கியதே அந்தக் கட்டுரையின் பலன். ஆனால் சந்திரசேகரன் என்ற பெயரைத் தேடினால் முதலில் வருவது கொக்ஸ்-3தான். யானைக்கால் கட்டுரையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். வெள்ளவத்தைக்காரரான எனக்கு எது நெருக்கம் என்று கேட்டால், தயங்காமல் நுளம்பைச் சொல்வேன்.

2002 முதல் 2006 வரை அந்த எட்டு மாவட்டங்களிலும் வருடத்துக்கொரு தடவை டி.ஈ.சி., அல்பென்டசோல் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. 2016இல் யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சொற்களைக் கவனமாக வாசியுங்கள். புழு இல்லை என்று அது சொல்லவில்லை. மாத்திரை நிறுத்தி ஆறு வருடத்துக்குப் பிறகு எட்டு மாவட்டங்களிலும் செய்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, காலிக் கரையோரம் போன்ற இடங்களில் பரவல் இன்னும் தங்கியிருப்பதைக் காட்டியது. காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று, அரைத்த நுளம்புகளில் பி.சி.ஆர். மூலம் கண்ட புழுவின் டி.என்.ஏ.

நோய் குறையக் குறையத்தான் இப்படியான பரிசோதனை அதிகம் வேண்டியிருக்கிறது. பணம் குறைவதும் அப்போதுதான். ஆயிரத்தில் ஒருவரிடம் ஒளிந்திருப்பதை இரவு இரத்தத்தால் பிடிப்பது பெரும்பாடு. பி.சி.ஆருக்கு வேண்டிய நொதிகளும் இரசாயனங்களும் டொலரில் வருபவை. 2022 நெருக்கடியில் வைத்தியசாலைகளே மருந்துக்கும் பரிசோதனைப் பொருட்களுக்கும் தவித்த நாட்டில், எவரும் நோயென்று முறையிடாத ஒரு புழுவைத் தேட அவற்றைக் கேட்டு வாங்குவது இலேசான காரியமல்ல. வெள்ளவத்தைக் கால்வாயோரம் பொழுது பட்டால் கியூலெக்ஸ் இன்றும் இரைகிறது. அதைப் பிடித்து அரைத்துப் பார்ப்பது எப்படி என்று கொழும்பில் தெரிந்துகொண்டு ஏறக்குறைய முப்பது வருடமாகிறது.