ஜிடி2 கார்-டி செல் சிகிச்சை

நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பிலுள்ள ஜிடி2 என்ற சர்க்கரைத் தொடரை இனங்காணும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, திரும்ப உடலில் செலுத்தும் முறை. குழந்தைகளின் நரம்பு மண்டலத்தில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா, மூளைத்தண்டுக் கட்டிகள் ஆகியவற்றுக்கு இது ஆய்வுநிலையில் அளிக்கப்பட்டுவருகிறது.

சர்க்கரை ஏன் இலக்கானது?

செல்சவ்வின் கொழுப்பில் வேரூன்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜிடி2 தொடரில் இரண்டு சயாலிக் அமிலங்கள் உண்டு. நலமான உடலில் நரம்புகளில் ஓரளவே காணப்படும் இது, நியூரோபிளாஸ்டோமா செல்களில் மண்டிக்கிடக்கிறது. ஆனால் டி செல்லுக்கு இயல்பில் சர்க்கரை தெரியாது. மற்றச் செல்கள் ஏந்திக்காட்டும் புரதத் துணுக்குகளைத்தான் அது படிக்கும். நியூரோபிளாஸ்டோமா செல்களோ அத்துணுக்குகளை அரிதாகவே காட்டுகின்றன. அதனால் டி செல்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகின்றன.

எதிர்ப்பொருள்களின் காலம்

சர்க்கரையை நேரடியாகப் பற்றக்கூடியவை எதிர்ப்பொருள்கள். 1980களில் நை-காங் சுங், ரால்ஃப் ரைஸ்ஃபெல்டு ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் ஜிடி2வைப் பற்றும் எதிர்ப்பொருள்களை உருவாக்கின. அவ்வழியில் வந்த டினுடக்சிமாப் மருந்துக்கு அமெரிக்கா 2015இல் ஒப்புதல் அளித்தது. வலியுணரும் நரம்புகளிலும் ஜிடி2 இருப்பதால், மருந்து ஏறும்போது குழந்தைகள் கடும் வலியைத் தாங்க வேண்டியிருந்தது.

இரண்டின் இணைப்பு

எதிர்ப்பொருளின் பற்றும் முனையை டி செல்லின் சமிக்ஞைப் பகுதியோடு இணைக்கலாம் என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த செலிக் எஷ்ஹார், கிடியன் கிராஸ் முதலியோர் 1989இல் காட்டினர். கார் எனப்படும் இந்தச் செயற்கை ஏற்பி டி செல்லுக்குச் சர்க்கரையைக் காணும் கண்ணைத் தந்தது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் மால்கம் பிரென்னர் குழு 2004 முதல் 2009 வரை நியூரோபிளாஸ்டோமா நோயாளிகள் 19 பேருக்கு இச்செல்களைச் செலுத்தியது. சிகிச்சையின்போது நோய் இருந்த 11 பேரில் மூவருக்கு அது முழுமையாகத் தணிந்தது.

ரோமும் ஸ்டான்ஃபோர்டும்

ரோமின் பம்பினோ ஜேசு குழந்தைகள் மருத்துவமனை, ஏற்பியின் சமிக்ஞைத் திறனைக் கூட்டியது; ஆபத்து நேர்ந்தால் செல்களை மருந்தால் அழிக்கும் காப்பு மரபணுவையும் சேர்த்தது. அங்கு சிகிச்சை பெற்ற 27 பேரில் 17 பேரிடம் பலன் தெரிந்தது. ஒன்பது பேருக்கு நோய் முழுதும் தணிந்தது என 2023இல் அறிவிக்கப்பட்டது.

கண்டறியப்பட்ட ஏறத்தாழ ஓராண்டில் உயிரைப் பறிக்கும் மூளைத்தண்டுக் கட்டியிலும் ஜிடி2 செறிந்திருப்பதை ஸ்டான்ஃபோர்டின் மிஷெல் மோஞ்சே, கிரிஸ்டல் மக்கால் குழுவினர் 2018இல் வெளியிட்டனர். மூளைத்தண்டிலோ தண்டுவடத்திலோ கட்டி இருந்த 11 பேருக்குச் செல்களை இரத்தத்திலும், பின்னர் அவர்களில் பெரும்பாலோருக்கு மூளைத் திரவத்திலும் செலுத்தியதன் முடிவு 2024இல் வெளியானது. நால்வரின் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு முற்றிலும் மறைந்தது. செல்கள் தாக்கும்போது கட்டி வீங்கி மூளையை அழுத்துவதால், மூளை அழுத்தத்தை இடைவிடாது கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

நீண்டகாலப் பலன்

திண்மக் கட்டிகளுக்குள் டி செல்கள் விரைவில் சோர்ந்துபோவதால் பலருக்கு நோய் திரும்புகிறது. ஆயினும் 2025இல் வெளியான ஹூஸ்டன் நோயாளிகளின் தொடர்கண்காணிப்பு பெரும் நம்பிக்கை தருகிறது. எலும்புவரை நோய் பரவியிருந்த ஒரு குழந்தை, வேறெந்தப் புற்றுநோய் மருந்தும் இன்றி 18 ஆண்டுகளுக்கு மேல் நலமாக வாழ்ந்து, இன்று தாயாகவும் இருக்கிறார்.