திருக்கழுக்குன்றக் கழுகுகள்

செங்கல்பட்டு மாவட்டம் திருக்கழுக்குன்றத்தில், வேதகிரீசுவரர் மலைக்கு நண்பகலையொட்டி வந்து பூசகர் கையால் உணவு பெற்றுச் சென்ற பறவைகள். மாமல்லபுரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள இவ்வூருக்குப் பட்சி தீர்த்தம் என்ற பெயரும் இவற்றால் வந்ததே. 1998-க்குப் பின் இவை வந்ததாகத் தகவல் இல்லை.

சிவனால் சபிக்கப்பட்ட எட்டு முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகு உருவில் இங்கே வழிபட்டனர் என்பது தலபுராணம். கலியுகத்து இணை காலையில் கங்கையில் நீராடி, உச்சிவேளையில் இங்கு உண்டு, மாலையில் இராமேசுவரத்தைத் தொழுது, இரவில் சிதம்பரத்தில் தங்குவதாக நம்பினர். படையல் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த சோறு. பறவை வராத நாளில், கூடியிருப்போரில் பாவி எவரோ இருப்பதாகச் சொல்லிவிடுவார்கள்.

உயிரியல்படி இவை மஞ்சள்முகப் பாறுகள். வெள்ளை உடல், கறுத்த இறக்கை ஓரம், மஞ்சள் முகம். எடை சுமார் 2 கிலோ. பிணந்தின்னிகளில் சிறியதான இது கழிவு, சாணம், முட்டை எதையும் விடாது. முகத்து மஞ்சளுக்குரிய நிறமி சாணத்திலிருந்தே கிடைக்கிறது. இந்தியத் துணையினத்தின் அறிவியல் பெயரில் செஞ்சிக் கோட்டையின் பெயர் இருக்கிறது. இணையாக வாழ்ந்து ஒரே பாறையிடுக்கை ஆண்டாண்டாகப் பயன்படுத்தும் இயல்புடையவை என்பதால், எப்போதும் அதே இரண்டு என்ற நம்பிக்கை வியப்பில்லை. உண்மையில் ஓர் இணை மறைய அடுத்தது அவ்விடத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் இரண்டுதான் வரும் என்று முடிவு கட்டிவிட்ட ஊரில், சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் தேவை யாருக்கும் எழவில்லை.

1990களில் இந்தியாவெங்கும் பாறுகள் சரிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து, இறந்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது பெருங்காரணம். கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது.

அமெரிக்காவின் வெண்தலைக் கழுகும் ஒரு வேதிப்பொருளால் நலிந்ததே. 1782 முதல் அரசு முத்திரையில் வீற்றிருந்தும், டி.டி.டி. பூச்சிக்கொல்லி முட்டை ஓட்டை மெலிதாக்கியதில் 1963இல் அலாஸ்கா நீங்கலான பெருநிலப்பகுதியில் 417 இணைகளே எஞ்சின. டி.டி.டி. தடை, சட்டப் பாதுகாப்பு, கூடுகளின் கண்காணிப்பு ஆகியவற்றால் அது மீண்டது. 2007இல் அந்நாட்டு அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் மஞ்சள்முகப் பாறு உலக அளவில் 'அருகிவரும் இனம்' ஆனது.

தமிழ்நாட்டில் பாறுகளின் முக்கியப் புகலிடம் இன்று முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. மஞ்சள்முகப் பாறு அங்கும் அரிது.