சுழலச்சும் திறப்புகளும்: சப்ரகமுவ தேயிலைத் தொழிற்சாலைகளின் அளவு மரபு

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலைகள், ஒரு கட்டடமும் அதற்குள் வைக்கப்பட்ட பல இயந்திரங்களுமாகவே பார்ப்பவருக்குத் தோன்றினாலும், கட்டியவர்கள் அவற்றை முழுமையாக ஒரே பொறியாகவே அமைத்தனர். மாடித்தளத்தில் எங்கே திறப்பு வெட்டுவது, சுவரில் எந்த உயரத்தில் துளையிடுவது, தூண்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பவற்றைக் கட்டட அழகோ வழக்கமோ தீர்மானிக்கவில்லை. உள்ளே சுழன்ற ஓர் இரும்பு அச்சின் இருப்பிடமே தீர்மானித்தது.

அந்த அச்சு சுழற்றிய இயந்திரங்கள் மலையடிவாரத்துக்கு வந்துசேர்ந்த வரலாறு நீளமானது. 1869இல் இலைத்துரு நோய் பரவத் தொடங்கிக் கோப்பிப் பயிரை அழித்தபோது, லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இலேயே 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர்ச்செய்கை தோட்டக்காரர்களுக்கு மாற்றுவழி ஆயிற்று. அசாமில் 1870களின் தொடக்கத்தில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் வழிவந்த ரோலர்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரிலிருந்த மார்ஷல் நிறுவனம் வார்த்து அனுப்பியது. கச்சாரில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த சாமுவேல் டேவிட்சன் பெல்ஃபாஸ்ட்டில் 1881இல் தொடங்கிய சிரொக்கோ தொழிற்சாலை உலர்த்தும் இயந்திரங்களை அனுப்பியது. கோப்பிக் காலத்தில் வேரூன்றிய வோக்கர் போன்ற உள்நாட்டுப் பொறியியல் நிறுவனங்கள் அவற்றைப் பொருத்திப் பழுதுபார்த்தன. இத்தகைய பாரங்களைத் தோட்டங்களுக்கு அருகே கொண்டுவரக்கூடிய களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய ரயில்பாதை 1903இல் யட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது.

தொழிற்சாலைக்கு வலு தந்தது நீர்ச்சக்கரமோ நீர்ச்சுழலியோ நீராவி எஞ்சினோ, பிற்காலத்தில் எண்ணெய் எஞ்சினோ எதுவாயினும், அந்த வலுவை எல்லா இயந்திரங்களுக்கும் பங்கிட்டது லைன் ஷாஃப்ட் எனப்பட்ட பொதுச் சுழலச்சு ஆகும். மேல்மாடித் தளத்துக்குக் கீழே தூண்களிலும் உத்தரங்களிலும் தாங்கிகள் பொருத்தப்பட்டு, அவற்றின் மேல் கட்டடத்தின் நீளத்துக்கு ஓடிய இந்த அச்சில் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்பி இருந்தது. கப்பியிலிருந்து தட்டையான பட்டி கீழே இறங்கி இயந்திரத்தைச் சுழற்றியது. நிமிடத்துக்கு 150 முறை சுற்றும் அச்சில் 20 அங்குலக் கப்பியும் இயந்திரத்தில் 40 அங்குலக் கப்பியும் இருந்தால், இயந்திரத்தின் கப்பி 75 முறை சுற்றும்; ஆகவே வேகத்தை மாற்ற விரும்பியவர் கப்பியின் விட்டத்தை மாற்றவேண்டியிருந்தது.

ஆண்டு மழை பல இடங்களில் 3,000 மில்லிமீற்றரைத் தாண்டும் இந்தப் பகுதியின் ஈரக்காற்றில் கொழுந்தை வாட்டுவதே கடினமான வேலை. அதனால் மேல்மாடிகள் முழுவதும் சணல்துணித் தட்டுகளால் நிரப்பப்பட்டு, உலர்த்தும் இயந்திரத்தின் சூடான காற்று விசிறிகளால் அங்கே இழுக்கப்பட்டது. வாடிய கொழுந்து மாடித்தளத்துத் திறப்பு வழியாக, கீழே நின்ற ரோலரின் உருளைக்கூட்டுக்குள் நேரே விழவேண்டும். திறப்பு அரை அடி தள்ளிப்போனால் கொழுந்து ரோலரின் மேசைக்கு வெளியே சிந்தும். எனவே திறப்பின் இடம் ரோலரைச் சார்ந்தது; ரோலரின் இடம் பட்டியையும் கப்பியையும் சார்ந்தது; கப்பியின் இடம் சுழலச்சைச் சார்ந்தது.

இன்று கணினியில் இயந்திரங்களை வரைவோர் கையாளும் சிக்கலும் இத்தகைய சார்புச் சங்கிலியே ஆகும். ஐவன் சதர்லாந்து 1963இல் வெளியிட்ட ஸ்கெட்ச்பேட் ஆய்வில் வடிவங்களை உறவுகளால் கட்டிப்போடும் எண்ணம் தெளிவாக உருப்பெற்றது. 1980களின் பிற்பகுதியில் வந்த புரோ எஞ்ஜினியர் மென்பொருள் அளவை மாற்றினால் வடிவமும் தானே மாறும் முறையைத் தொழில்துறைக்குக் கொண்டுவந்தது. இம்முறையில் ஒரு தகட்டில் வெட்டும் திறப்பின் விளிம்பை, பக்கத்திலுள்ள வேறோர் உறுப்பின் விளிம்பிலிருந்தே எடுக்கலாம். அந்த இணைப்பே புறச்சார்பு எனப்படும். மூல உறுப்பு நகர்ந்தால் திறப்பும் நகரும் என்பது அதன் பயன். மூல உறுப்பை நீக்கினால் திறப்பு எதைச் சார்ந்தது என்பது தெரியாமல் தொங்கிநிற்கும் என்பதும், இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தால் கணக்கு முடியாமல் சுற்றும் என்பதும் அதன் கேடு. அதனால் தேர்ந்த வரைவாளர்கள் முக்கிய அச்சுகளும் தளங்களும் மட்டும் கொண்ட எலும்புக்கூட்டு வரைவை முதலில் அமைத்து, எல்லா உறுப்புகளையும் அதனோடு மட்டும் இணைக்கின்றனர்.

தோட்டத் தொழிற்சாலையில் அந்த எலும்புக்கூட்டின் வேலையைச் செய்தது சுழலச்சு. தட்டைப் பட்டி கப்பியிலிருந்து நழுவாதிருக்க சுழலச்சும் இயந்திரத்தின் அச்சும் இணையாக நிற்கவேண்டும் என்பதால், பொருத்துவோர் சுழலச்சின் நடுக்கோட்டிலிருந்தே தூக்குக்குண்டு இறக்கி, சரடு கட்டி அளக்கவேண்டியிருந்தது. பக்கத்து இயந்திரத்திலிருந்து அளந்தால் முதல் இயந்திரத்தின் பிழை அடுத்ததில் கூடும், அதற்கடுத்ததில் மேலும் கூடும். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று இலங்கையில் அழைக்கப்படும் கைவினைஞர்களும் தொழிற்சாலைப் பொருத்துநர்களும் இந்த ஒழுங்கை நூல்களிலிருந்து அல்லாமல் கைப்பழக்கத்தால் காத்தனர் என்பது கவனிக்கத்தக்கது; தோட்ட வரலாறுகள் துரைமாரையும் ஏக்கர்களையும் எண்ணிய அளவுக்கு இவர்களை எண்ணவில்லை.

இயந்திரத்துக்கு ஒரு மின்மோட்டார் என்ற முறை வந்தபோது சங்கிலி அறுந்தது. ரோலரை விரும்பிய இடத்தில் நிறுத்தலாம் என்றாயிற்று. சணல்துணித் தட்டுகளின் இடத்தை, அடியிலிருந்து காற்று ஊதும் நீள்தொட்டிகள் பிடித்தன. பழைய திறப்புகளில் சில பலகையடித்து மூடப்பட்டன, சில பயனின்றி நின்றன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய நிறுவனங்களுக்கு மாறியதும் உரிமையையும் நிர்வாகத்தையும் மாற்றினவேயன்றி, இந்தக் கட்டடங்களின் பழைய அளவுகளைப் பதிந்துவைக்க வழிசெய்யவில்லை.

மூடப்பட்ட தொழிற்சாலைகளில் சுழலச்சும் கப்பிகளும் பழைய இரும்பாக விலைபோகக்கூடியவை. அவை அகன்றபின் மாடித்தளத்துத் திறப்புகள் ஏன் அந்தந்த இடத்தில் வெட்டப்பட்டன என்பதைச் சொல்லச் சான்று எஞ்சாது. ஆகவே தோட்ட மரபைப் பதிவுசெய்ய முற்படும் பல்கலைக்கழகங்களும் தோட்ட நிறுவனங்களும், கட்டடத்தின் முகப்பைப் படம்பிடிப்பதற்கு முன், சுழலச்சின் நடுக்கோட்டையும் அதன் தாங்கிகளின் இடங்களையும் அளந்து வரைந்துகொள்ள வேண்டும்.