ஆட்நாவ் காய்? - இனிஷியல் உறைந்து சர்நேம் ஆன கதை

மும்பைக்கு வந்து இறங்கும் தமிழன் முதல் மாதத்திலேயே பழகிவிடும் மராத்தி வாக்கியம் ஒன்று உண்டு. "ஆட்நாவ் காய்?" அதாவது, உன் சர்நேம் என்ன?

ஸ்கூல் அட்மிஷன், ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு என்று எங்கே போனாலும் ஃபாரத்தில் மூன்று கட்டங்கள். தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். சச்சின் ரமேஷ் டெண்டுல்கர் மாதிரி. நம்மிடம் இருப்பதோ ஒரு எழுத்தும் ஒரு பெயரும்தான். மூன்றாவது கட்டத்தில் எதைப் போடுவது? மாதுங்காவில் ஒரு விடை, தாராவியில் ஒரு விடை, செம்பூரில் இன்னொரு விடை. வங்கி கவுண்டரில் உட்கார்ந்து இந்தக் கட்டத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால், இதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன்.

முதலில் ஒரு ஆறுதல். இங்கிலீஷ்காரனுக்கும் ஒரு காலத்தில் சர்நேம் கிடையாது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது சாதாரண ஜனங்களுக்கு ஒற்றைப் பெயர்தான். ஊரில் நாலு ஜான் இருந்தால் கொல்லன் ஜான், ஆற்றங்கரை ஜான் என்று அடையாளம் சொல்வார்கள். நிலப் பத்திரம், வரி வசூல் எல்லாம் பெருகப் பெருக, இந்த அடையாளங்கள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகத் தொடங்கின. ஏறக்குறைய 1400-க்குள் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு சர்நேம் வந்துவிட்டது. கொல்லன்தான் ஸ்மித். ஜானின் மகன்தான் ஜான்சன்.

இந்த ஜான்சனைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் ஜான்சனுக்கு அப்பா பெயர் நிஜமாகவே ஜான். இன்றைய ஜான்சனின் அப்பா டேவிட்டாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த அப்பா பெயர் ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்துவிட்டது. வேல்ஸிலும் இதே கதை. அங்கே 'ஆப்' என்றால் மகன். ஹவெல் மகன் 'ஆப் ஹவெல்' பிற்பாடு பவல் ஆனான். ரீஸ் மகன் 'ஆப் ரீஸ்' ப்ரைஸ் ஆனான். 1536-க்குப் பிறகு ஆங்கிலேயச் சட்டமும் கோர்ட்டும் அங்கே வந்ததில் இது வேகம் பிடித்தது. ஐஸ்லாந்தில் மட்டும் இன்றுவரை உறையவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறிக்கொண்டே இருக்கும், நம் இனிஷியலைப் போல.

சில நாடுகளில் சர்க்காரே உறைய வைத்தது. பிலிப்பைன்ஸில் 1849-ல் ஸ்பானிஷ் கவர்னர் க்ளாவேரியா ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு குடும்பங்களுக்குப் பெயர் வழங்கினார். துருக்கியில் 1934-ல் சட்டமே போட்டார்கள். பம்பாயில் நமக்கு யாரும் சட்டம் போடவில்லை. அந்த மூன்றாவது கட்டமே போதுமானதாக இருந்தது.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, நெரிசலைக் குறைக்க தாதர், மாதுங்கா பக்கம் புது மனைகள் போட்டார்கள். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த நம்மவர்கள் அங்கே குடியேறினார்கள். 1932-ல் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி பிறக்கும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னாளில் ட்ராம்பே பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தபோது செம்பூரும் நம் ஊரானது. இப்படி வந்தவர்களில் பலர் மூன்றாவது கட்டத்தில் போட்டது 'ஐயர்'.

தமிழ்நாட்டில் ஐயர் என்பது குடும்பப் பெயரே இல்லை. அது மரியாதைப் பட்டம். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் நமக்கு போப்பையர்தானே! தென் மாவட்டங்களில் பாஸ்டரை ஐயர் என்று கூப்பிடும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் உண்டு. வயதும் மதிப்பும் வந்த ஆணின் பெயரோடு அது ஒட்டும். பெண்களுக்கு அம்மாள்.

ஒரு பிரபலமான குடும்பத்தைப் பாருங்கள். தாத்தா சந்திரசேகர ஐயர். பெரிய மகன் சி. சுப்ரமண்ய ஐயர், இளையவர் சி.வி. ராமன். சுப்ரமண்ய ஐயரின் பிள்ளை எஸ். சந்திரசேகர். தாத்தா பெயர் பேரனுக்கு வந்துவிட்டது, இனிஷியல் தலைமுறைக்கு ஒன்றாக மாறுகிறது, ஐயர் பட்டமோ சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை. வெங்கடராமனில் பாதியை வெட்டித்தான் 'ராமன் விளைவு' வந்தது! 'சந்திரசேகர் எல்லை' என்பதும் சொந்தப் பெயர்தான். உலகம் இரண்டையும் சர்நேம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

மாதுங்காவில் இந்தப் பட்டம் உறைந்து சர்நேம் ஆனது. அதனால்தான் இங்கே ஆறு வயதுப் பெண் குழந்தையும் 'ஐயர்' :-) ஆங்கில எழுத்தில் அண்ணன் 'ஐ'யில் தொடங்க, தம்பி 'ஏ'யில் தொடங்கினால், ஒரே வீட்டில் இரண்டு சர்நேம் ஆகிவிடும். கடன் விண்ணப்பத்தில் அதைச் சரிக்கட்டுவது என் பாடு!

தாராவிப் பக்கம் போனால் கதை கனமாகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் வந்தவர்கள் அதிகம். அங்கே பெயர்ப்பலகைகளில் 'நாடார்' நிறையப் பார்க்கலாம். அந்தப் பெயர் சும்மா கிடைத்ததல்ல. இழிவாகச் சொல்லப்பட்ட பழைய பெயரை எடுத்துவிட்டு நாடார் என்று எழுத, பல வருஷம் மனுப் போட்டுப் போராடி, 1921-ல்தான் சென்னை அரசாங்கத்தை ஏற்க வைத்தார்கள். எட்டே வருஷத்தில், 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனே தன் பட்டத்தை விட்டவர். போராடிப் பெற்றதும் சுயமரியாதை, விட்டதும் சுயமரியாதை. 2025 அக்டோபரில் தெருப் பெயர்களிலும் சாதி கூடாது என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. அங்கே ஒரு நூற்றாண்டாக உதிர்ந்து வருவது, இங்கே ஒரு ஃபாரத்தால் நம்மோடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டியதற்கு விலையும் உண்டு. 1960-களில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை, டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, கம்பெனிகளில் இருக்கும் தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1966-ல் சிவசேனா பிறந்தது. பட்டியலில் பெயர் பிடிபட்டதே சர்நேமால்தான்.

பட்டம் வேண்டாதவர்களும், பட்டம் என்று எதுவும் தரப்படாத ஆதி திராவிடக் குடும்பங்கள் பலவும் அப்பா பெயரையே மூன்றாவது கட்டத்தில் எழுதினார்கள். யோசித்தால் இதுதான் சுவாரசியம். ஒரு ஷண்முகசுந்தரத்தின் மகன் அதையே தன் பிள்ளைக்கும் பேரனுக்கும் கொடுத்தால், நம் கண்ணெதிரே ஒரு புதிய ஜான்சன் பிறக்கிறான். சர்நேமாகப் பார்த்தால் அபூர்வமான பெயர், ஒருவேளை ஒரே ஒரு குடும்பத்துக்கு.

இப்போது தள்ளிப்போடவும் முடிவதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசா கிடையாது என்றது. முதல் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் 'பெயர் தெரியாது' என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் உட்கார்ந்துகொள்கிறது. மகாராஷ்டிராவில் 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தன் பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்பதுதான் வரிசை. அம்மாவுக்கு இடம் வந்தது நல்லது. ஆனால் கடைசிக் கட்டம் அப்படியே நிற்கிறது.

ஆகவே நண்பர்களே, உறைவது நம் தலைமுறையில்தான். பட்டமா, தாத்தா பெயரா, அப்பா பெயரா, ஊர்ப் பெயரா என்பதை ஆஸ்பத்திரி கவுண்டரில் க்யூவில் நின்று முடிவு செய்ய வேண்டாம். இன்று எழுதுவதை இன்னும் நாலு தலைமுறை சுமக்கும். வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். முடிவானபின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், பான் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஒரு எழுத்து பிசகினாலும் பிற்பாடு அஃபிடவிட், கெஸட் என்று அலைய வேண்டும்.

இன்னொன்று. சர்நேம் உறைந்தபின் இனிஷியல் சங்கிலி அறுந்துவிடும். எஸ்-க்கு முன்னால் சி, சி-க்கு முன்னால் ஆர் என்று பின்னோக்கி நடக்க முடியாது. ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே, தெரிந்தவரை அந்தப் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு போன் கால் போதும்.