பலியும் படையலும்



திருக்கோயிலுள் புகும் நாம் கொடிமரத்தையும் அதனை அடுத்துள்ள பலிபீடத்தையும் வணங்கிய பின்னரே மேற்செல்கின்றோம். அப்பீடத்தில் எவ்வுயிரும் கொல்லப்படுவதில்லை, அன்னமே இடப்படுகின்றது. ஆயினும் 'பலி' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தில் தோன்றுவன வாளும் குருதியுமே. சொல் ஒன்றாகவும் கருத்து வேறாகவும் நிற்கும் இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பலி என்பது வடசொல். இருக்கு வேத காலத்திலேயே அது தெய்வத்துக்கு இடும் பொருளையும், அரசனுக்குச் செலுத்தும் திறையையும் குறித்தது. புத்தர் பிறந்த உலும்பினியில் கி.மு. 249 அளவில் அசோகன் நாட்டிய கல்தூணில், அவ்வூருக்குப் 'பலி' நீக்கப்பட்டதென்றும், விளைவில் எட்டில் ஒரு பங்கே கொள்ளப்படும் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. ஈண்டுப் பலி என்றது வரியையே ஆகும். இல்லறத்தார்க்கு விதித்த ஐம்பெரு வேள்விகளுள் பூதவேள்வி என்பதும், உயிர்களுக்கு உணவை நிலத்தில் இடும் பலியே. ஆகவே, தன் உடைமையில் ஒரு பகுதியைப் பிறர்க்கு உரியதென எடுத்து வைத்தலே இச்சொல்லின் அடிப்பொருள் என்பது பெறப்படும். கொலை அதனுள் அடங்குவதற்கு இடமுண்டு. ஆனால் கொலையே அதன் பொருளன்று.

தமிழில் வந்த பின்னும் இருநிலையும் தொடர்ந்தன. வெறியாட்டில் முருகனுக்கு ஆட்டுக் குருதி கலந்த தினையை இட்டமையைச் சங்க நூல்கள் மறையாது கூறுகின்றன. அதே காலத்தில், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நெய்யும் சோறும் இடுவதனையும் குறுந்தொகை பலி என்றே கூறுகின்றது. அதனைப் பாடிய நச்செள்ளையார் அப்பாட்டினாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார்.

இனி, வேள்வி என்னும் தமிழ்ச்சொல்லைக் காண்போம். 'வேள்' என்னும் வினையடி விரும்புதல், மணத்தல், வேள்வி செய்தல் ஆகிய மூன்று பொருளையும் தரும். வேட்கையும் வேட்டலும் வேள்வியும் ஒரு குடும்பத்துச் சொற்கள். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்வி முடித்து அளித்த ஊர் வேள்விக்குடி எனப் பெயர் பெற்றது. களப்பிரர் காலத்தில் பறிபோன அவ்வூர், 8ஆம் நூற்றாண்டில் பராந்தக நெடுஞ்சடையனால் மீட்டுக் கொடுக்கப்பட்டது. அதனைக் கூறும் செப்பேடு வேள்விக்குடிச் செப்பேடு என்றே வழங்குகின்றது.

தீயில் சொரியும் உணவாகிய 'அவி', அவித்தல் என்னும் தமிழ்வினையினின்று பிறந்தது போலத் தோன்றும். எனினும் அது 'ஹவிஸ்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமாகும். தீயில் சொரிதல் என்னும் பொருளுடைய 'ஹு' என்னும் வேரினின்றே அவியும் ஓமமும் ஆகுதியும் பிறந்தன. அவி சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதினும் ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்று திருவள்ளுவர் புலால் மறுத்தலில் அறுதியிட்டார். 'தியாகம்' என்பதோ விடுதல் என்னும் பொருளது. தீயில் இட்ட பொருள் இனித் தனதன்று என்று வேட்போன் மொழிந்து உரிமையை விடுதலே வேள்விமுறையில் தியாகம் எனப்படும்.

நம் இல்லங்களிலும் கோயில்களிலும் வழங்கும் சொற்கள் இன்னும் இனியவை. படைத்தல் என்பது ஆக்குதலையும் குறிக்கும், முன்வைத்தலையும் குறிக்கும். ஆதலின் படைத்தவனுக்கு அவன் படைத்ததையே நாம் படைக்கின்றோம். நிவேதனம் என்பதற்கு அறிவித்தல் என்பதே நேர்ப்பொருள். உணவை இறைவன் திருமுன் வைத்து 'இது நின்னது' என அறிவிக்கின்றோம். காணிக்கை, காணுங்கால் வெறுங்கையோடு செல்லாமையைக் குறிக்கும். மடை என்பது சோற்றையும் தெய்வத்துக்கு இடும் உணவையும் குறித்த பழஞ்சொல். அது மடைப்பள்ளி என்னும் பெயரில் இன்றும் வாழ்கின்றது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளை நோக்கின், ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விடப்பட்டமையைக் காண்கின்றோம். அவற்றைப் பெற்ற இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் கூறும். ஆடு இறைவனுக்கு உரியதாயிற்று, ஆனால் வெட்டப்படவில்லை. மந்தை குன்றாது பெருகி விளக்கெரிக்க நின்றது. அக்கோயில் கல்வெட்டுகளிலேயே ஸ்ரீபலி என்னும் சொல்லும் வருகின்றது.

தேவாரத்தில் இச்சொல் மற்றொரு வியத்தகு பொருளைப் பெறுகின்றது. அங்கே பலி என்பது பெரும்பாலும் பிச்சை. கபாலம் ஏந்தி மனைதோறும் பலி தேர்ந்து வருபவன் சிவபெருமான். உயிர்கள் தனக்கு இடவேண்டியதைத் தானே வாயிலில் வந்து கேட்கின்றான். அவனுக்கு எப்பொருளும் வேண்டுவதில்லை. 'யான், எனது' என்னும் செருக்கையே அவன் இரக்கின்றான் என்று பெரியோர் விளக்குவர். பலிபீடத்தின்முன் வணங்கும்போது ஆணவத்தை அங்கே வைத்து எழுக என்பதும் இக்கருத்தே.

உயிர்ப்பலி பற்றிய வழக்கு நம் நாட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1950இல் இயற்றப்பட்ட விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தத் தமிழக அரசு 2003இல் ஆணையிட்டது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. காவல் தெய்வங்களின் கோயில்களில் இட்டதை ஊரும் உறவும் பகிர்ந்துண்ணும் மரபினரைப் பழித்தல் நம் கருத்தன்று. அங்கும் கொடுத்தல் என்னும் கூறு உண்டு.

நம்மை வருத்துவது வேறொன்று. சாலை விபத்தில் மூவர் பலி, வெள்ளத்தில் ஐவர் பலி என நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. இங்கே கொடுத்தவர் யார்? பெற்ற தெய்வம் எது? பிறருடைய கவனக்குறைவால் மாண்டவரையும் நாம் பலி என்றே கூறிக் கடந்து விடுகின்றோம். அவ்வாறு கூறும்போது, யாரோ பொறுப்பேற்க வேண்டிய இறப்பு விதியின்மேல் ஏற்றப்பட்டு விடுகின்றது. மாண்டவரை மாண்டார் என்றே சொல்வோம்; காரணத்தையும் உடன் கேட்போம். பலி என்னும் சொல்லை, காக்கைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றுக்கும், வாயிலில் நிற்பார்க்கு இடும் உணவுக்கும், பலிபீடத்தில் நாம் விட்டுவரும் செருக்குக்கும் உரியதாகக் காப்போமாக.

திருச்சிற்றம்பலம்.