வேலியை முதலில் மேய்ந்த புழுக்கள்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவிலுக்குப் போன அன்பர்கள் அங்குள்ள அம்மச்சிப் பிலாவைப் பார்த்திருப்பார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பி வந்த மார்த்தாண்டவர்மா அந்தப் பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஊர் வழக்கு. அவரைத் துரத்தியவர்கள் கடல் கடந்து வந்த பகைவர்கள் அல்லர். நாட்டுக்குள்ளேயே செல்வாக்கோடு இருந்தவர்கள். கணிப்பொறிப் புழுக்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வருகிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பாறசாலைக்காரருக்குப் பெண் கொடுத்த வீடு களியக்காவிளையில் இருக்கும். கொஞ்சம் நிலம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பம்பாய்க்கும் போன பிறகு, இந்தக் குடும்பங்களைச் சேர்த்துக் கட்டிய நூல் முதலில் கடிதம், பிறகு எஸ்.டி.டி. பூத், அப்புறம் மின்னஞ்சல்.

2002இல் பாறசாலையில் நண்பர் ஒருவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் மாலை வேளைகளில் நான் உதவிக்கு இருந்தேன். என் மாமா ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார், பாகப்பத்திரத்தின் நகல் ஒன்றை அங்கே என்னிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தார். முடிவான பத்திரம் அல்ல, யோசனை மட்டும்தான். அந்த வாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த கிளெஸ் என்ற புழுவுக்கு மருந்து இணைத்திருப்பதாகவும், இதை இயக்கும்போது ஆன்டிவைரஸ் கூச்சல் போடலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் நம்பி இயக்கினேன். திரையின் ஓரத்தில் இருந்த காவல் சின்னம் காணாமல் போயிற்று. மருந்து என்று வந்ததுதான் கிளெஸ்.

பத்து நாள் கழித்து மாமா வந்தார். ஷார்ஜாவில் இருந்த அவருடைய தம்பி கைக்கு அந்த நகல் போய்ச் சேர்ந்திருந்தது. அதுவும் பம்பாயில் இருந்த மருமகன் பெயரில். "மக்களே, நீ தட்டச்சு செஞ்சது எனக்கும் உனக்கும் மட்டும்தானே தெரியும்? அது எப்படிடே அங்க போச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அண்ணன் தன்னைக் கேட்காமலே பாகம் பிரித்துவிட்டார் என்று தம்பிக்குக் கோபம். செய்யாத குற்றத்துக்கு மருமகன் மேல் பழி.

பதில் பிறகுதான் புரிந்தது. வைரஸ் மற்றொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு போவது. புழு தானாகவே தன்னைப் படியெடுத்து அனுப்பிக்கொள்வது. 2001 அக்டோபரில் தோன்றிய கிளெஸ், கணிப்பொறிக்குள் இருக்கும் முகவரிகளைத் திரட்டி, ஒன்றை அனுப்புநராகவும் மற்றொன்றைப் பெறுநராகவும் போடும். 2002 ஏப்ரலில் பரவிய அதன் வகை, அந்தக் கணிப்பொறியிலுள்ள ஆவணம் ஒன்றையும் கூடவே சேர்த்து அனுப்பக்கூடியது. இவ்வளவும் தடையின்றி நடப்பதற்காக அது முதலில் செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிவைரஸை நிறுத்துவது. களவுக்கு வந்தவன் முதலில் நாயின் வாயைக் கட்டுவதைப் போல.

இந்த வழியில் கிளெஸ் தனியாக வரவில்லை. அதே 2002இல் இந்தியாவிலேயே எழுதப்பட்ட யாஹா, காவல் மென்பொருள்களை நிறுத்திவிட்டு பாகிஸ்தான் அரசின் இணையதளத்தைத் தாக்க முயன்றது. செப்டம்பர் இறுதியில் வந்த பக்பேர், காவலை முடக்கியபின் விசைப்பலகையில் தட்டியதைத் திருடியது. 2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர், ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களையே திறக்க விடாமல் தடுத்தது.

இன்னும் இரண்டு புழுக்கள் காவலை நிறுத்துவதோடு நிற்காமல், காவலின் ஓட்டை வழியாகவே உள்ளே நுழைந்தன. 2004 மார்ச்சில் பரவிய விட்டி, ஐ.எஸ்.எஸ். நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள்களில் இருந்த குறை வழியே ஏறத்தாழ 12,000 கணிப்பொறிகளில் புகுந்து வட்டில் குப்பையை எழுதியது. 2006 இறுதியில் 'பிக் யெல்லோ' என்று பெயர் பெற்ற புழு, சிமான்டெக்கின் நிறுவனங்களுக்கான ஆன்டிவைரஸில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்ல மாட்டேன். புழு முதலில் வேலியைத் தின்றது.

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு செய்தி தெரிகிறது. கிளெஸ் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் குறைக்குத் திருத்தம் 2001 மார்ச்சிலேயே வந்துவிட்டது. பிக் யெல்லோவுக்கான திருத்தம் 2006 மே மாதத்திலும், கான்ஃபிக்கருக்கானது 2008 அக்டோபரிலும் வந்தன. பூட்டு வந்திருந்தது, நாம்தான் பூட்டவில்லை. விட்டி மட்டும் விதிவிலக்கு. குறை வெளியான இரண்டே நாளுக்குள் அது வந்துவிட்டதால், பூட்ட நினைத்தவர்களுக்கும் அவகாசம் இருக்கவில்லை.

அப்படியானால் எந்த ஆன்டிவைரஸை நம்புவது? சென்னையில் கேசவர்தனன் தொடங்கிய கே7, புனேயில் கட்கர் சகோதரர்கள் வளர்த்த குவிக் ஹீல் என்று நம் நாட்டிலேயே நல்ல பெயர்கள் உண்டு. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. விளம்பரத்தைப் பார்க்காமல், ஏ.வி. டெஸ்ட், ஏ.வி. கம்பேரட்டிவ்ஸ் போன்ற தனி ஆய்வகங்களின் முடிவுகளைப் பாருங்கள். தன்னை யாரும் நிறுத்திவிடாமல் காத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றோடொன்று மோதும் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டை ஓட விடாதீர்கள். திருத்தங்கள் தானாக இறங்கட்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதன் பிறகும் எந்தக் காவலும் முழுக் காவல் அல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான திருத்தம் ஒன்று, எந்தப் பகைவனும் இல்லாமலே, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளைப் படுக்க வைத்தது. ஆகவே முக்கியமான ஆவணங்களின் பிரதி ஒன்று, கணிப்பொறியோடு இணையாத வட்டில் தனியாக இருக்கட்டும். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லி யார் எழுதினாலும், அது எந்தப் பெயரில் வந்தாலும், நிறுத்தாதீர்கள்.

மாமா கடைசியில் பூத்துக்குப் போய்த் தம்பியிடம் அரைமணி நேரம் பேசினார். குரலைக் கேட்ட பிறகுதான் கோபம் தணிந்தது. மருமகனிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். பாகப்பத்திரத்தை இரண்டாம் முறை மாமா என்னிடம் கொடுக்கவில்லை. தன் கையாலேயே எழுதினார். அவரை நான் குறை சொல்ல முடியாது. ஊர் விட்டு ஊர் வாழும் நமக்கு, திரையில் தெரியும் பெயர் உறவினர் ஆகிவிடாது. ஐயம் வந்தால் ஒரு போன் போட்டு, "நீதான் அனுப்பினியா?" என்று கேட்டுவிடுங்கள். கிளெஸ் கெடுத்ததை அன்று சரிசெய்தது அந்த ஒரு கேள்விதான்.